மேலே ரெண்டு, கீழே ரெண்டு

முப்பத்தி நாலு வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தேன். பிள்ளைகள் மனப்பாட வசனம் ஒப்பிக்க வரும்போது நான் ஒரு தொல்லை கொடுப்பேன்: "சரி, சொல்லிட்ட. இப்ப மேலே ரெண்டு வசனம், கீழே ரெண்டு வசனம் சொல்லு." பாதிப் பேர் முழிப்பார்கள். சில பெற்றோர் பாஸ்டரிடம் புகார் கூடச் செய்தார்கள்.

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தபோது அந்தப் பழைய தொல்லைதான் ஞாபகம் வந்தது. ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் ஒரு வசனம் இருக்கிறது. அந்த வசனத்தை யாரோ கையில் எடுத்து, எழுதியவர் முதுகில் ஒரு போடு போட்டிருக்கிறார்கள்.

டீச்சரம்மா, வருஷப்பிறப்பு ஆராதனையில், அந்த வருஷத்துக்கான வசனம் என்று எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எனக்கு எரேமியா 29:11 வந்தது: "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதை நம்பி, கிடைத்த கூரியர் ஆபீஸ் வேலையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படித்தேன். மூன்றாவது முறையும் போய்விட்டது. வாக்குத்தத்தம் பொய்யா, இல்லை என் விசுவாசம் பொய்யா? இந்த ஏரியாவை விட்டே போய்விடலாம் என்று தோன்றுகிறது. — வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி

தம்பி, முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இப்போது அச்சடித்த அட்டை வருகிறது. எங்கள் சபையில் அந்தக் காலத்தில் டிசம்பர் கடைசி வாரம் நாலைந்து பேர் உட்கார்ந்து, பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளின் பின்பக்கத்தை வெட்டி, கையால் எழுதுவோம். எந்த வசனம் என்று தேர்ந்தெடுத்தது நான்தான். இனிப்பான வசனமாகப் பார்த்துப் பொறுக்குவேன். எரேமியா 29:11-ஐ எத்தனை அட்டையில் எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதற்கு மேலே இருக்கிற 10-ஆம் வசனத்தை ஒரு அட்டையிலும் எழுதியதில்லை. அதில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. வருஷப்பிறப்பு அன்றைக்கு அதை யார் எடுப்பார்கள்?

அது ஒரு கடிதம், தம்பி. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போன யூதர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதினது. அவர்களுக்கு இருந்த ஒரே கேள்வி, எப்போது ஊர் திரும்புவோம் என்பதுதான். அதற்கு ஒரு பதில் ஏற்கெனவே சந்தையில் ஓடிக்கொண்டிருந்தது. அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று தேவாலயத்தில் நின்று சொன்னான். 28-ஆம் அதிகாரத்தைப் படி. எரேமியா அதைக் கேட்டதும் சண்டைக்குப் போகவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அது பொய் என்று தெரிந்தபோது அதைச் சொல்லவும் அவர் தயங்கவில்லை.

அப்புறம்தான் இந்தக் கடிதம் வருகிறது. 5-ஆம் வசனத்தில் வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறார். 6-ல் கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெறுங்கள் என்கிறார். எழுபது வருஷம் என்றால் கடிதத்தைப் படித்துக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பவே மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் 11-ல் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று கர்த்தர் சொல்கிறார்.

இன்னொன்று. நம் தமிழ் வேதாகமத்தில் கர்த்தர் ஒரு ஆளோடு பேசினால் "நீ" என்றுதான் பேசுவார். ஆபிரகாமுக்கும் நீ, மோசேக்கும் நீ. இங்கே "உங்கள்பேரில்" என்று இருக்கிறது. அது மரியாதைக்குப் போட்ட "உங்கள்" இல்லை; ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. அட்டையில் ஏறியதும் அது தனி ஆளுக்கு வந்த ரிசல்ட் மாதிரி ஆகிவிடுகிறது.

அதனால் வாக்குத்தத்தமும் பொய் இல்லை, உன் விசுவாசமும் பொய் இல்லை. தேர்வு முடிவைப் பற்றி அந்த வசனம் பேசவே இல்லை, அவ்வளவுதான். நான் உன் வீட்டுப் பெரியவளாக இருந்தால் 11-ஐ விட்டுவிட்டு 5-ஐ எடுத்து உன் கையில் கொடுப்பேன். அந்தக் கூரியர் வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று நாளைக்கே போய்க் கேள். வேலைக்குப் போய்க்கொண்டே படி. கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் உன்னை மாதிரிப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு நாள் போய்ப் பார்.

ஏரியாவை விட்டுப் போவது பற்றிக் கேட்டாய். 7-ஆம் வசனம், சிறைப்பட்டுப்போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு என்கிறது. யூதர்களுக்குப் பாபிலோன் பிடிக்குமா என்ன? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்ததே, அப்போது மீனவர்கள் படகில் நின்றுகொண்டு வாளியாலும் மக்காலும் அதை அள்ளினார்கள். நான் ஜெபக் கூட்டத்தில் எத்தனையோ முறை "பட்டணத்தின் சமாதானம்" என்று சொல்லியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அந்த வாளிகளைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. நீ போவதானால் போ. ஆனால் தேர்வில் தோற்ற வெட்கத்துக்காகப் போகாதே.

அக்கா, ஐந்து பேர் சேர்ந்து குழுக் கடன் எடுத்தோம். ஒருத்தி வீட்டுக்காரர் விசைப்படகில் வேலை. மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்றதும், தினமும் வசூலிக்கிற தண்டலுக்கு வாங்கி, அதுவும் கட்ட முடியாமல், ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி பண்ணிவிட்டாள். அவள் பாக்கி 27,200 ரூபாய். நாங்கள் நாலு பேரும்தான் கட்ட வேண்டும் என்று வசூலுக்கு வருகிறவர் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நின்று சத்தம் போடுகிறார். பாஸ்டரிடம் சொன்னால், "ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறது, மன்னித்துக் கட்டிவிடு சிஸ்டர்" என்கிறார். எனக்கு அவளை மன்னிக்கவும் முடியவில்லை, கட்டவும் முடியவில்லை. — காசிமேடு, மீன் வியாபாரம் செய்பவள்

தங்கச்சி, இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். நானும் இந்தக் குழியில் விழுந்தவள்.

1994-ல் என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சருக்குக் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். 12,000 ரூபாய். அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். என் சம்பளத்தில் மாதம் 400 ரூபாய் என்று முப்பது மாதம் பிடித்தார்கள். ஒவ்வொரு மாதமும் என் வேதாகமத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் ஒரு கோடு போடுவேன். அந்த முப்பது கோடும் இன்னும் இருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் ஞாயிறு பள்ளியில் மத்தேயு 18 பாடம். "ஏழெழுபது எவ்வளவு டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். 490 என்றேன். "491-வது தடவை அடிக்கலாமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒன்றுக்கே கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பாஸ்டர் சொன்னதில் இரண்டு காரியம் ஒன்றாகக் கலந்துவிட்டது. மன்னிப்பு ஒன்று, கடன் ஒன்று.

"ஏழெழுபதுதரமட்டும்" என்பது மத்தேயு 18:22. கீழே படித்தால் இயேசு ஒரு கடன் கதைதான் சொல்கிறார். பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனை ராஜா விட்டுவிடுகிறார். அவன் வெளியே போய், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஆறாயிரம் நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. ஆனால் அந்த நூறு வெள்ளிப்பணத்தையும் அற்பம் என்று தள்ளிவிட முடியாது. இன்றைக்கு ஒரு நாள் கூலி எழுநூறு ரூபாய் என்று வைத்தால் எழுபதாயிரம் ரூபாய். பட்ட அடி சின்னதுதான் என்று இயேசு சொல்லவில்லை. இதைப் பிரசங்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தக் கதையில் கடனை விட்டுக்கொடுத்தது யார்? கடன் கொடுத்த ராஜா. கடனை மன்னிக்கிற அதிகாரம் கடன் கொடுத்தவருக்குத்தான் உண்டு. நீ மன்னிக்க வேண்டியது அவள் உன்னை மாட்டிவிட்டுப் போனதை. அது உன் மனசுக்குள் நடக்கிற வேலை, மெதுவாக நடக்கும். அதற்கும் மேலே 15-ஆம் வசனத்தைப் பார். குற்றம் செய்தவனிடம் போய், தனியாக இருக்கையில், அதை உணர்த்து என்று இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு மன்னி என்று இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் நீ ஒருத்தி மட்டும் போ. நாலு பேரும் சேர்ந்து போய்த் தெருவில் வைத்துக் கேட்காதே. அவள் பெரும்பாலும் உனக்குப் பயந்து ஓடவில்லை, தண்டல்காரனுக்குப் பயந்து ஓடியிருக்கிறாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாளில் வாரத் தவணை மட்டும் நிற்காமல் வரும். இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடன் பக்கத்துக்கு வேதாகமத்தில் வேறு இடம் இருக்கிறது. நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம்: "நீ உன் சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டு, அந்நியனுக்குக் கையடித்துக்கொடுத்தாயானால்..." பிணை என்றால் ஜாமீன்தான். அங்கே சாலொமோன், மன்னித்துக் கட்டிவிடு என்று சொல்லவில்லை. கண்ணுக்கு நித்திரை வரவிடாமல் போய்ப் பேசு, வேடன் கையிலிருந்து குருவி தப்புவதுபோல் தப்பித்துக்கொள் என்கிறார். பேசித் தப்பிக்கப் பார்ப்பது பாவம் இல்லை, தங்கச்சி. நீ போட்ட கையெழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்த ஒருவரை வைத்துப் படி. நாலு பேரும் பொறுப்பு என்று நிஜமாகவே இருந்தால், தலைக்கு 6,800 ரூபாய். அதைத் தவணை பிரித்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இதைக் கட்ட இன்னொரு தண்டல் மட்டும் வாங்காதே.

வாசலில் வந்து சத்தம் போடுவதற்கு மோசே பதில் சொல்லியிருக்கிறார். உபாகமம் 24:10, 11-ஐப் படி. கடன் கொடுத்தவன் அடகு வாங்கக் கடன்காரன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும்; கடன் வாங்கினவன் தானே கொண்டுவந்து கொடுப்பான். அதே அதிகாரத்தின் 6-ஆம் வசனம் திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது என்கிறது; "அது ஜீவனை அடகு வாங்குவதுபோலாகும்." உன் தராசையும் மீன் அன்னக்கூடையையும் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. ரிசர்வ் வங்கியும் 2022-ல் கிட்டத்தட்ட இதையே விதியாகப் போட்டது. நுண்கடன் வசூலைப் பேசி வைத்த பொது இடத்தில்தான் செய்ய வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை நீ அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு வந்தால், "நாளைக்குக் காலையில் குழு கூடும் இடத்துக்கு வாங்க" என்று நாலு பேரும் சேர்ந்து சொல்லுங்கள். அப்போதும் கேட்கவில்லை என்றால் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தண்டல், மீட்டர் வட்டி என்றால் அதற்கு 2003-லிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்துக்கே போகலாம்.

ஒன்று சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்கலாம். வேப்பேரியில் இருந்து வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த ஜெர்மன் மிஷனரி பப்ரீசியஸ் ஐயரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். 1742-ல் சென்னைக்கு வந்தவர். அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வெளிவந்தது. நம் கையில் இருக்கிற பழைய வேதாகமத் திருப்புதலுக்கு அவர் போட்ட அஸ்திவாரம் பெரியது. "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்ற நீதிமொழியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அவரே பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, வயசான காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1791-ல் இறந்தார். அதற்காக அவர் வேதாகமத்தை யாரும் தூக்கிப் போடவில்லை. நாலு பேர் முன்னால் தலை குனிய வேண்டியிருக்கிறதே என்று எழுதாமல் எழுதியிருக்கிறாய். குனியாதே.

என் முப்பது கோடு கதை என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஏழெட்டு வருஷம் கழித்து அந்த டீச்சரை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பார்த்தேன். அவர் அழுதார். பணம் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். மன்னித்துவிட்டேனா என்று இன்றைக்கும் எனக்கு முழுசாகத் தெரியாது.

குத்துச்சண்டை கையுறையில் பிலிப்பியர் 4:13 எழுதி வைத்திருந்தேன். மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றேன். பசங்க கிண்டல் பண்ணுகிறார்கள். — புளியந்தோப்பு

"எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று எழுதினபோது பவுல் சிறையில் இருந்தார், கண்ணு. மேலே 12-ஐப் பார்: "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." எல்லாவற்றையும் என்றது பட்டினியையும் சேர்த்துத்தான். தோற்ற அன்றைக்கும் அந்தக் கையுறையைப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த 14-ஆம் வசனத்தில், என் கஷ்டத்தில் நீங்கள் கூட நின்றது நல்லது என்று பிலிப்பியருக்கு நன்றி சொல்கிறார். உன் கோச்சுக்கு நீ நன்றி சொன்னாயா?

உனக்குப் பொருத்தமான வசனம் வேறு இருக்கிறது, 1 கொரிந்தியர் 9:26. "ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்." மூல மொழியில் அது குத்துச்சண்டைதான். நம் பெரியவர்கள் சிலம்பம் ஆக்கிவிட்டார்கள். காற்றில் குத்தாதே என்கிறார். உன் வீடியோவைப் போட்டுப் பார், எத்தனை குத்து காற்றில் போனது என்று.

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு நாள் அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். அந்த இரண்டு நாளும் சவாரி இல்லை. நாலு மாதமாகத் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்கவில்லை. மல்கியா 3-ஐக் காட்டி, தேவனை வஞ்சிக்கிறாய் என்று சபையில் பேசுகிறார்கள். — கொடுங்கையூர்

சகோதரரே, அந்த 3-ஆம் அதிகாரத்தில் 8-க்கும் 10-க்கும் மட்டும் அடிக்கோடு போட்டிருப்பார்கள். கொஞ்சம் மேலே 5-ஆம் வசனத்தில், கூலிக்காரனின் கூலியையும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கு விரோதமாக நானே சாட்சி என்று கர்த்தர் சொல்கிறார். அதற்கு ஏன் அடிக்கோடு இல்லை?

தசமபாகம் எங்கே போக வேண்டும் என்று உபாகமம் 14:28, 29 சொல்கிறது. மூன்றாம் வருஷத்தின் தசமபாகத்தை ஊர் வாசலில் வைக்க வேண்டும். ஆலய ஊழியம் செய்கிற லேவியனோடு பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும். உங்கள் அம்மா விதவை என்று கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். நியாயப்படி சபையின் பணம் உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய மாதம் இது.

மாற்கு 7-ஐயும் படியுங்கள். அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை, "இது கொர்பான், கடவுளுக்கு நேர்ந்தது" என்று சொல்லிக் கைகழுவினவர்களை இயேசு என்ன கிழி கிழித்திருக்கிறார் என்று. காணிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் கொடுக்கிறேன். அம்மா தேறி, சவாரி திரும்பினதும் நீங்களும் கொடுப்பீர்கள். அதுவரைக்கும், யாராவது கேட்டால், டயாலிசிஸ் நாளில் ஒருவேளை அம்மாவோடு வந்து உட்கார முடியுமா, நான் இரண்டு சவாரி ஓட்டிவிட்டு வருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு சட்டென்று நிற்கும். வந்து உட்கார ஒருவர் கிடைத்தாலும் கிடைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை திறப்பது பாவமா? — தண்டையார்பேட்டை

ஓய்வுநாள் மனுஷனுக்காக என்று மாற்கு 2:27-ல் இருக்கிறது. திறங்கள். ஆனால் உங்களிடம் கறி வெட்டுகிற பையனுக்கு வாரத்தில் எந்த நாள் லீவு? உபாகமம் 5:14-ல், உன் வேலைக்காரனும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று இருக்கிறது. பாவம் இருந்தால் அங்கேதான் இருக்கும்.

அவர் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். மறுநாள் காலையில், மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற எபேசியர் 5:22-ஐ எடுத்துப் படித்துக் காட்டுகிறார். மாமியாரும் அதையே சொல்கிறார். — ஊர் வேண்டாம்

மகளே, அந்தப் பக்கத்தை அவர் கையிலிருந்து வாங்கி நாலே வசனம் மேலே போ. 18: "மதுபான வெறிகொள்ளாமல்" என்று இருக்கும். 21: "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கும். கீழே 28-ல், மனைவியைத் தன் சொந்தச் சரீரமாகப் பாவித்து அன்புகூரச் சொல்லியிருக்கும். தன் உடம்பைத் தானே எவன் அடிக்கிறான்? நடுவில் இருக்கிற ஒரு வரியை மட்டும் உருவிக்கொண்டு வருகிறவர் வேதம் படிக்கவில்லை. சாட்சிக்கு ஆள் பிடிக்கிறார்.

நாபால் என்ற முரடனின் மனைவி அபிகாயில், 1 சாமுவேல் 25-ல் வருகிறாள். தாவீது வாளோடு வருகிறான் என்று தெரிந்ததும் இருநூறு அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடு, பயறு, வற்றல் எல்லாம் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாவீது அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவள் யோசனையை ஆசீர்வதித்தான். வீட்டில் உயிரைக் காப்பாற்றக் கிளம்புகிறவள் புருஷனிடம் உத்தரவு கேட்க வேண்டியதில்லை.

181 என்ற எண்ணில் பெண்கள் உதவி மையம் எந்நேரமும் இருக்கும். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் பணம், இவற்றை ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான ஒருத்தி வீட்டில் இன்றைக்கே கொடுத்து வை. மாமியாரிடம் வாதம் பண்ணாதே. நேரம் வீண்.

டீச்சர், யோவான் 21-ல் ஏன் 153 மீன்? யார் எண்ணினது? — ஆறாம் வகுப்பு, ராயபுரம்

கண்ணு, இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். அதுவும் ராயப்பர் பெயரில் இருக்கிற ஊரிலிருந்து. ராயப்பர் என்றால் பேதுருதான், தெரியும் இல்லையா?

இந்த எண்ணை வைத்துப் பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்திருக்கிறார்கள். உலகத்தில் 153 வகை மீன் உண்டு, எல்லா ஜனமும் வலைக்குள் வரும் என்று அர்த்தம் என்றார் ஜெரோம். அகுஸ்தீன் கணக்குப் போட்டார்: ஒன்றிலிருந்து பதினேழு வரைக்கும் கூட்டினால் 153 வரும். நீயும் கூட்டிப் பார், சரியாக வரும்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், மீன்பிடிக்கிறவர்கள் எண்ணாமல் விட மாட்டார்கள். படகு வந்ததும் கரையில் முதல் வேலை என்ன? கூடையைக் கவிழ்த்து, வகை பிரித்து, ஏலம் போட்டு, ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று பிரிப்பது. அந்த ராத்திரி படகில் இயேசுவின் சீஷர்கள் ஏழு பேர் இருந்தார்கள் (2-ஆம் வசனம், எண்ணிப் பார்). 153-ஐ ஏழால் வகுத்தால் ஆளுக்கு 21 போய் மீதி ஆறு. அந்த ஆறு யாருக்கு என்று ஒரு சண்டை நடந்திருக்கும். யோவான் அதை எழுதவில்லை.

ஆனால் இதைப் பார்த்தாயா? இவர்கள் வலையை இழுத்து வருவதற்கு முன்பே, 9-ஆம் வசனத்தில், கரையில் கரிநெருப்பு போட்டு மீன் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிறது. அப்புறம் இயேசு, நீங்கள் பிடித்ததிலும் சிலவற்றைக் கொண்டுவாருங்கள் என்கிறார். ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் வந்தவர்களிடம், விசுவாசம் எங்கே என்று ஒரு கேள்வி இல்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்." பேதுருவிடம் பேச வேண்டியதைச் சாப்பாடு முடிந்த பிறகுதான் பேசுகிறார்.

என்ன மீன் என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய், இப்போதே சொல்லிவிடுகிறேன். கலிலேயா கடல் என்று பேர்தான். அது நல்ல தண்ணீர் ஏரி. அங்கே பேர்போன மீனுக்குப் பேதுரு மீன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஜிலேபிக் கெண்டைக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இதை ஒரு தடவை வகுப்பில் சொன்னேன். "ஏரி மீனா? சீ!" என்று ராயபுரத்துப் பிள்ளைகள் மொத்தமாக மூக்கைச் சுளித்தார்கள். வஞ்சிரமாக இருக்கும் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தார்களாம்.